மார்புக்குள் முப்பது டிகிரி

இங்கிலாந்தில் மார்ச் முதல் வாரம். காலை ஒன்பது மணிக்கு வெளியே ஆறு டிகிரி செல்சியஸ். புல்வெளியின் நிழல் பக்கத்தில் உறைபனி இன்னும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெட்டிகளில் வளர்க்கும் தேனீக்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உள்ளேயே இருக்கும் நேரம் இது. பத்து டிகிரிக்குக் கீழே அவை மேய்ச்சலுக்கு வருவது அரிது. ஆனால் தோட்டத்துக் குரோகஸ் பூ ஒன்றுக்குள் தலையை நுழைத்தபடி, கட்டைவிரல் நுனி பருமனில், உடல் முழுக்க ரோமம் அடர்ந்த ஒரு தேனீ தேன் குடித்துக்கொண்டிருக்கிறது. பூச்சிக்குச் சொந்தமாக உடற்சூடு கிடையாது, சுற்றுப்புறம் குளிர்ந்தால் அதுவும் குளிர்ந்துவிடும் என்றுதான் பள்ளியில் படித்திருக்கிறோம். அப்படிப் பார்த்தால் ஆறு டிகிரியில் அதன் பறப்புத் தசைகள் விறைத்துக் கிடக்க வேண்டும். அது எப்படிப் பறந்து வந்தது?

இந்தக் கேள்வியின் பின்னால் போனால், இந்தத் தேனீக்கு ஒரு தோட்டத்தில் என்ன வேண்டும், எப்போது உதவலாம், எப்போது கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பதே நல்லது என்பதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கிவரும். எரிக்கும் சூடு எவ்வளவு, அதற்கு ஈடாகக் குடிக்கும் தேன் எவ்வளவு என்ற வரவு செலவில்தான் இதன் வாழ்க்கை முழுவதும் ஓடுகிறது.

ஆங்கிலத்தில் இதைப் 'பம்பிள்பீ' என்பார்கள். இங்கே பம்பிள் தேனீ என்றே வைத்துக்கொள்வோம். அறிவியலில் 'போம்பஸ்' பேரினம். உலகில் சுமார் 250 இனங்கள், அவற்றில் பிரிட்டனில் 24. குளிர்நாடுகளும் உயர்ந்த மலைகளுமே இவற்றின் இருப்பிடம். காஷ்மீரிலிருந்து அருணாசலப் பிரதேசம் வரை இமயமலைத் தொடரில் நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இயற்கையாக ஒன்றுகூடக் கிடையாது. நம் ஊரில் எருக்கம்பூவைச் சுற்றிப் பெரிதாக ரீங்கரிக்கும், காய்ந்த மூங்கிலையும் வீட்டு உத்தரத்தையும் துளைக்கும் கரிய தேனீயைப் பார்த்துப் பலர் இதுதான் அது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தச்சுத் தேனீ. உறவுதான், ஆனால் வேறு பேரினம். அதன் வயிறு மொழுமொழுவென்று பளபளக்கும். பம்பிள் தேனீயின் வயிற்றில் ரோமம் மண்டியிருக்கும்.

இனி அந்தக் குளிர்காலைக்கு வருவோம். பம்பிள் தேனீ எழும்பிப் பறக்க வேண்டுமானால் அதன் மார்பின் உட்பகுதி சுமார் 30 டிகிரியாவது இருக்க வேண்டும். மார்புக்குள் இரண்டு கட்டுத் தசைகள் இருக்கின்றன. ஒன்று சுருங்கினால் சிறகு மேலே போகும், மற்றது சுருங்கினால் கீழே வரும். இவை சிறகோடு நேரடியாக இணைந்தவை அல்ல. மார்பு என்ற பெட்டியையே அழுத்தியும் விரித்தும் சிறகை ஆட்டுகின்றன. பறக்கும்போது இரண்டும் மாறிமாறிச் சுருங்க, சிறகு நொடிக்கு ஏறத்தாழ 200 முறை அடிக்கிறது. உடலைச் சூடேற்ற வேண்டியபோது தேனீ வேறொன்றைச் செய்கிறது. இரண்டு கட்டுத் தசைகளையும் ஒரே நேரத்தில் இழுக்கிறது. இழுப்பும் எதிரிழுப்பும் ஒன்றையொன்று சரிசெய்துவிடுவதால் சிறகு அசைவதில்லை, ஆனால் தசை உழைக்கிறது, சர்க்கரை எரிகிறது. பனிக்காலத்து விடியலில் பைக்கை நியூட்ரலில் போட்டு ஆக்சிலேட்டரை முறுக்குகிறோம் அல்லவா? எஞ்சின் ஓடுகிறது, பெட்ரோல் செலவாகிறது, வண்டி மட்டும் நகர்வதில்லை. அப்படித்தான் இதுவும். நடுங்கிச் சூடேறுதல் என்று இதைச் சொல்லலாம்.

சிறகே அசையாதபோது உள்ளே தசை உழைப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? தசைக்குள் நுண்ணிய மின்முனைகளைச் செருகி, சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும் தேனீயின் மார்பில் மின்துடிப்புகள் ஓடுவதைப் பதிவு செய்தார்கள். துடிப்பு கூடக்கூட மார்பின் வெப்பமும் ஏறியது. ஆய்வகத்துக்கு வெளியே இதைத் தேடிப் போனவர்களில் முதன்மையானவர் பெர்ன்ட் ஹைன்ரிக். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துச் சதுப்புகளிலும் வயல்களிலும், பூவில் இருக்கும் தேனீயைச் சட்டென்று பிடித்து, அது ஆறிப்போவதற்குள் தலைமுடி போன்ற மெல்லிய வெப்பமானிக் கம்பியை மார்பில் செலுத்தி அளவெடுத்தார். காற்று எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் பறந்துகொண்டிருந்த தேனீயின் மார்பு முப்பதுக்கு மேலேயே இருந்தது. 1979இல் இவற்றையெல்லாம் அவர் தொகுத்து வெளியிட்ட நூலுக்குப் 'பம்பிள்பீ எகனாமிக்ஸ்' என்று பெயர். பூச்சியைப் பற்றிய நூலுக்குப் பொருளாதாரம் என்று அவர் பெயர் வைத்ததில் மிகை எதுவும் இல்லை. இன்று வெப்பக் கேமரா வழியே எவரும் இதைப் பார்க்கலாம்: மார்பு வெளிச்சமாகச் சுடர்விடும், வயிறு இருண்டு கிடக்கும்.

வயிறு ஏன் இருண்டு கிடக்கிறது? மார்பில் உண்டான சூடு பின்னால் கசிந்து வீணாகிவிடாதபடி ஒரு ஏற்பாடு இருக்கிறது. மார்பையும் வயிற்றையும் இணைக்கும் ஒல்லியான இடுப்பில், வயிற்றுக்குப் போகும் சூடான இரத்தமும் திரும்பிவரும் குளிர்ந்த இரத்தமும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு எதிரெதிராகப் பாய்கின்றன. போகும் இரத்தத்தின் சூட்டை வரும் இரத்தம் வாங்கிக்கொண்டு மார்புக்கே திருப்பிவிடுகிறது. எதிரோட்ட வெப்பப் பரிமாற்றம் என்பது இதன் பெயர். மேலே ரோமம் காற்றைச் சிறைபிடித்துச் சூட்டைக் காக்கிறது. உடல் பெரிதாக இருப்பதால் ஆறுவதும் மெதுவாக நடக்கிறது.

இவ்வளவு சிக்கனம் இருந்தும் செலவு அசாதாரணமானது. வயிறு நிறையத் தேன் குடித்த பம்பிள் தேனீகூடப் பசியால் விழுவதற்கு ஏறத்தாழ நாற்பது நிமிடத் தொலைவில்தான் எப்போதும் இருக்கிறது என்று இவற்றை ஆராய்பவர்கள் கணக்கிடுகிறார்கள். பூவில்லாத ஒரு தெருவைத் தாண்டுவதும், தேன் வற்றிய பூக்களில் ஏறி இறங்குவதும் அதற்கு உயிர்ச்செலவு. தரையில் அசையாமல் கிடக்கும் தேனீயைச் செத்துவிட்டது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது எரிபொருள் தீர்ந்து குளிர்ந்துபோன தேனீ. குளிர்ந்துவிட்டதால் பறக்க முடியாது, பறக்க முடியாததால் பூவுக்குப் போக முடியாது, பூவுக்குப் போகாமல் சூடேற முடியாது.

அதற்கு உதவுவதும் எளிது. ஓர் இலையாலோ காகிதத்தாலோ மெல்ல ஏந்தி, தேனுள்ள பூ ஒன்றின் மேல் விடுங்கள். பக்கத்தில் பூவே இல்லையென்றால் வெள்ளைச் சர்க்கரையையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து ஓரிரு சொட்டு அதன் முன்னால் வைக்கலாம். நாக்கு நீளும். பிறகு வயிறு வேகமாக ஏறி இறங்கத் தொடங்கும். உள்ளே எரிப்புக்குக் காற்று இழுக்கிறது என்று பொருள். சில நிமிடங்களில் எழுந்து போய்விடும். கடையில் வாங்கிய தேன் மட்டும் வேண்டாம்; வேறு தேனீக்களின் நோய்க்கிருமிகள் அதில் இருக்கக்கூடும். சர்க்கரைத் தண்ணீரைத் தட்டில் ஊற்றித் தினமும் தோட்டத்தில் வைப்பதையும் நான் ஏற்கமாட்டேன். மகரந்தத்தில் உள்ள புரதம் அதில் இல்லை, பல தேனீக்கள் ஒரே தட்டில் வாய் வைத்தால் நோயும் பரவும்.

இதில் ஒரு விதிவிலக்கை அறிந்திருப்பது நல்லது. ஜூலை, ஆகஸ்ட் காலைகளில் லாவெண்டர், நெருஞ்சி வகைப் பூக்கள் மேல் அசைவற்றுத் தொங்கும் தேனீக்கள் அநேகமாக ஆண்கள். கூட்டை விட்டு வெளியேறிய ஆண் தேனீ திரும்பக் கூட்டுக்குப் போவதில்லை. பூவிலேயே இரவைக் கழிக்கிறது. தானாகச் சூடேறத் தேனைச் செலவழிக்காமல் வெயில் வரும்வரை அது காத்திருக்கிறது. அதை விட்டுவிடலாம். தொட முயன்றால் நடுக்காலை உயரத் தூக்கிக் காட்டும். விலகிப்போ என்பதற்கான சைகை அது. எல்லா பம்பிள் தேனீக்களும் இதைச் செய்யும். ஆண் தேனீக்குக் கொடுக்கு கிடையாது என்றாலும் சைகையை மதிப்பது முறை.

மார்ச் மாதத்தில் குரோகஸ் பூவில் இருந்தது ராணி. இந்த இனங்களின் ஆண்டைப் புரிந்துகொள்ள, அந்த ராணியின் தனிமையைப் புரிந்துகொள்ள வேண்டும். பெட்டித் தேனீயின் கூடு பல ஆயிரம் பேரோடு குளிர்காலத்தைத் தாண்டுகிறது. பம்பிள் தேனீக் குடும்பத்தில் இலையுதிர்காலத்தோடு எல்லோரும் இறந்துபோகிறார்கள்: பழைய ராணி, வேலைக்காரத் தேனீக்கள், ஆண்கள். இனச்சேர்க்கை முடிந்த இளம் ராணிகள் மட்டும் மண்ணுக்குள் தனித்தனியாகத் துயில்கின்றன. வசந்தத்தில் எழும் ஒவ்வொரு ராணியும் ஒரு குடும்பத்தின் மொத்த எதிர்காலத்தையும் தனியாளாகச் சுமக்கிறது.

அது முதலில் தேன் குடிக்கிறது. பிறகு வீடு தேடுகிறது. ஏப்ரலில் ஒரு பெரிய தேனீ தரையை ஒட்டித் தாழ்வாக, இடமும் வலமுமாக வளைந்து பறந்து, வேலியோரக் குழிகளிலும் இலைக்குவியல்களிலும் நுழைந்து நுழைந்து வெளிவந்தால் அது வீடு தேடும் ராணி. எலி விட்டுப்போன வளை அதற்குப் பிடித்தமானது. பழைய புல்லும் எலி மயிரும் மெத்தையாகக் கிடக்கும். அதே ராணி சில நாள் கழித்துப் பின்னங்கால்களில் மஞ்சள் மகரந்த உருண்டைகளோடு நேர்கோட்டில் பறந்தால் வீடு கிடைத்துவிட்டது என்று பொருள். பார்க்கத் தெரிந்தவருக்கு இந்த ஒரு வேறுபாடே பெரிய செய்தி.

வளைக்குள் ராணி ஒரு மகரந்த உருண்டையைச் செய்து அதில் முட்டையிடுகிறது. மெழுகால் சிறு குடுவை செய்து அதில் தேனை நிரப்பி, நாக்கு எட்டும் தூரத்தில் வாசலருகே வைத்துக்கொள்கிறது. பிறகு முட்டைகள்மேல் வயிற்றை அழுத்திப் படுத்து அடைகாக்கிறது. இப்போது அந்த இடுப்பு ஏற்பாடு தலைகீழாக இயங்குகிறது: சூட்டை மார்பில் நிறுத்தாமல் வயிற்றுக்கு அனுப்புகிறது. வயிற்றின் அடிப்பக்கத்தில் ரோமம் குறைவு. அந்த வழியாகச் சூடு முட்டைக்குப் போகிறது. முட்டையும் புழுவும் முப்பது டிகிரி அளவில் இருந்தால்தான் ஒழுங்காக வளரும். முதல் வேலைக்காரத் தேனீக்கள் வெளிவர நான்கைந்து வாரம் ஆகும். அதுவரை ராணி வெளியே போகும் ஒவ்வொரு நிமிடமும் கூடு ஆறிக்கொண்டிருக்கிறது.

தோட்டத்தில் முதல் பூக்கள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்து விளங்கும். மார்ச், ஏப்ரலில் பூ பக்கத்தில் இருந்தால் ராணி சீக்கிரம் திரும்பும். தொலைவில் இருந்தால் புழுக்கள் குளிரும். குரோகஸ், லங்வோர்ட், ஹெலபோர், வில்லோ மரத்தின் பூங்கொத்து, வெள்ளை டெட்நெட்டில் ஆகியவை அந்த இரண்டு மாதங்களுக்கு ஜூன் மாதத்து ரோஜாக்களைவிடப் பல மடங்கு மதிப்பானவை. ஜூனில் எல்லார் தோட்டமும் பூக்கும். மார்ச்சில் பூக்கும் தோட்டத்தைத்தான் தேனீ தேடுகிறது. எனக்கு இந்த விஷயத்தில் உறுதியான கருத்து உண்டு: ஒருவரிடம் ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடமிருக்கிறது என்றால், அதில் வசந்தத்தின் தொடக்கத்தில் பூப்பதை நடட்டும்.

பிறகு எந்தப் பூவை நடுவது என்ற கேள்வி. சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரணத் தோட்டச்செடிகள் 32 வகைகளை அருகருகே வளர்த்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை பூச்சிகள் வருகின்றன என்று கோடை முழுக்க எண்ணினார்கள். எல்லாமே பார்க்க அழகான, கடையில் எளிதில் கிடைக்கும் செடிகள். முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் இருந்த வித்தியாசம் சுமார் நூறு மடங்கு. போரேஜ், மார்ஜோரம், லாவெண்டர் ஆகியவற்றில் கூட்டம். ஜன்னலோரத் தொட்டிகளில் எல்லோரும் வைக்கும் பெலார்கோனியத்தில் ஏறத்தாழ வெறுமை. இதழ்மேல் இதழாக அடுக்கப்பட்ட அடுக்குப் பூக்கள் பெரும்பாலும் பயனற்றவை. மகரந்தத்தாள்களே இதழ்களாக மாறியிருக்கும், தேனிருந்தாலும் நாக்கு எட்டாது. செடி உள்நாட்டுச் செடியா வெளிநாட்டுச் செடியா என்பதைவிட, பூ திறந்திருக்கிறதா, அதில் தேனும் மகரந்தமும் இருக்கின்றனவா என்பதே தேனீக்கு முக்கியம்.

நாக்கின் நீளமும் ஒரு விஷயம். பொதுவாகக் காணப்படும் மஞ்சள்வால் இனத்தின் நாக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. தோட்டப் பம்பிள் தேனீ எனப்படும் 'ஹார்ட்டோரம்' இனத்தின் நாக்கு ஏறக்குறைய உடலளவுக்கே நீளும். ஃபாக்ஸ்குளோவ், ஹனிசக்கிள் போன்ற ஆழமான பூக்களில் அது நேர்வழியில் குடிக்கும். குட்டை நாக்குக்காரர்கள் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: பூவின் அடியைக் கடித்துத் துளையிட்டுத் தேனை உறிஞ்சிவிடுவார்கள். மகரந்தச் சேர்க்கை என்ற கூலியைக் கொடுக்காமல் சரக்கை எடுப்பதால் இது தேன் கொள்ளை எனப்படுகிறது. காம்ஃப்ரே, அகன்ற அவரைப் பூக்களின் அடியில் சிறு துளைகள் தெரிந்தால் கொள்ளை நடந்திருக்கிறது என்று அறியலாம். ஒருவர் போட்ட துளையைப் பிறகு பலர் பயன்படுத்துவார்கள், பெட்டித் தேனீக்கள் உட்பட.

நீண்ட நாக்கின் விலை என்ன என்பதை எண்ணிக் காட்டியவர் சார்லஸ் டார்வின். சிவப்பு குளோவர் கால்நடைகளுக்கான தீவனப் பயிர். அதன் நூறு பூங்கொத்துகளைத் திறந்த வெளியில் விட்டார். 2,700 விதைகள் கிடைத்தன. இன்னும் நூறு கொத்துகளுக்குப் பூச்சி புகாதபடி வலை போட்டார்; ஒரு விதைகூடக் கிடைக்கவில்லை. 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் இதைச் சொல்லிவிட்டு மேலும் ஒரு படி போனார்: எலிகள் பம்பிள் தேனீக் கூடுகளை அழிக்கின்றன, பூனைகள் எலிகளைப் பிடிக்கின்றன, ஆகவே ஒரு வட்டாரத்தில் பூனை பெருகினால் குளோவரும் பெருகலாம் என்று. உயிர்களுக்கிடையே உள்ள பின்னலைக் காட்ட இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அந்த நூலில் குறைவு. ஆனால் எலி விட்டுப்போன வளைதான் தேனீக்கு வீடு என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. எலியே இல்லாத ஊர் தேனீக்கும் நல்லதல்ல.

1885இல் நியூசிலாந்து விவசாயிகள் டார்வினின் கணக்கைக் காசாக்கினார்கள். அங்கே பயிரிட்ட சிவப்பு குளோவர் விதை பிடிக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து ராணிகளைக் குளிரூட்டிய கப்பலில் துயில்நிலையிலேயே கொண்டுபோய் விட்டார்கள். நான்கு இனங்கள் அங்கே நிலைத்தன. அவற்றில் ஒன்றான குட்டைமயிர்ப் பம்பிள் தேனீ, பிறந்த நாட்டிலேயே அழிந்துபோனது: 1930களுக்குப் பிறகு பிரிட்டன் தன் பூச்செறிந்த புல்வெளிகளில் 97 சதவீதத்தை இழந்தது, குதிரைகள் போய் டிராக்டர் வந்ததும் குளோவர் வயல்களும் போயின. 1988இல் கென்ட் மாவட்டத்து டஞ்சனஸில் கடைசியாக ஒரு தேனீ காணப்பட்டது. நியூசிலாந்திலிருந்து திரும்பக் கொண்டுவரும் முயற்சி பலிக்காமல், 2012இல் ஸ்வீடனிலிருந்து ராணிகளைக் கொண்டுவந்து டஞ்சனஸில் விட்டார்கள். மறு ஆண்டு வேலைக்காரத் தேனீக்கள் தென்பட்டன. இதற்காகச் சுற்றுவட்டார விவசாயிகள் வயலோரங்களில் பூச்செடிகளை விதைத்திருந்தார்கள். அதன் நேரடிப் பலன் வேறு அரிய இனங்களுக்குக் கிடைத்தது. பல ஆண்டுகளாக அங்கே காணாமல் இருந்தவை மீண்டும் வந்தன.

இதெல்லாம் வயல்களின் கதை. வீட்டுத் தோட்டத்துக்கு இதில் என்ன பங்கு? பிரிட்டனில் நூற்றுக்கணக்கான பொதுமக்களிடம் ஓர் எளிய வேலை ஒப்படைக்கப்பட்டது: தோட்டத்திலோ வயலோரத்திலோ காட்டிலோ அளந்து குறித்த ஒரு துண்டு நிலத்தை 20 நிமிடம் உற்றுப் பார்க்க வேண்டும், தேனீ ஒரு துளைக்குள் போய்வருகிறதா என்று. முடிவுகளைக் கூட்டிப் பார்த்தபோது, தோட்டங்களில் ஹெக்டேருக்குச் சுமார் 36 கூடுகள் என்று வந்தது. திறந்த புல்வெளியிலும் காட்டிலும் அதில் பாதிகூட இல்லை. மூலை முடுக்கு, கொட்டகையின் அடி, உரக்குழி, வேலி என்று தோட்டத்தில்தான் பொந்துகள் அதிகம்.

கூட்டிலிருந்து எவ்வளவு தூரம் மேய வருகின்றன என்பதை அறிய இன்னொரு நுட்பமான வழி. ஒரு கூட்டின் வேலைக்காரத் தேனீக்கள் எல்லாம் ஒரு தாய் மக்கள். தென் இங்கிலாந்தின் வயல்வெளியில் நீண்ட ஒரு கோட்டில் பல இடங்களில் தேனீக்களைப் பிடித்து, காலின் நுனியிலிருந்து சிறு துணுக்கை எடுத்து டிஎன்ஏ பார்த்தார்கள். இரண்டு தேனீக்கள் சகோதரிகள் என்றால், இரண்டுமே ஒரு கூட்டிலிருந்து வந்தவை. எவ்வளவு தூரம் விலகிய இடங்கள் வரை சகோதரிகள் கிடைக்கிறார்கள் என்று பார்த்தால் மேய்ச்சல் எல்லை தெரிந்துவிடும். கூட்டைக் கண்ணால் பார்க்கவே வேண்டியதில்லை. மஞ்சள்வால் இனம் சுமார் 750 மீட்டர் வரை போகிறது, பழுப்பு நிறக் கார்டர் இனம் 450 மீட்டர் வரை. ஆக, உங்கள் தோட்டத்துப் பூவில் இருக்கும் தேனீ மூன்று தெரு தள்ளி ஒருவருடைய உரக்குழியில் குடியிருக்கலாம். தெருவில் யார் வீட்டில் எந்த மாதம் என்ன பூக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்த்துத் திட்டமிடுகிறவர்கள் சரியாகச் செய்கிறார்கள்.

பூவருகே நாற்காலி போட்டு உட்காருபவர் ஒரு விசித்திரத்தைக் கவனிப்பார். தேனீ ஒரு பூவை நெருங்கும், நொடிப்பொழுது மிதந்து நிற்கும், உட்காராமலே விலகிவிடும். உள்ளே எட்டிக்கூடப் பார்த்திருக்காது. தேன் தீர்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்தது? 1990களின் இறுதியில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவ் கூல்சனும் ஜேன் ஸ்டவுட்டும் இதைத் துருவினார்கள். தேனீ வந்துபோன பூவைப் பறித்து வேறு தேனீக்களிடம் நீட்டினார்கள், மறுத்தன. யாரும் வராத பூவை நீட்டினார்கள், உட்கார்ந்தன. பிறகு தேனீயின் பாதத்திலிருந்து கரைப்பானில் பிரித்தெடுத்த எண்ணெய்ப் பசையைத் தேன் நிறைந்த புதுப்பூவில் தடவினார்கள். அதையும் மறுத்தன. முன்னால் வந்தவரின் பாத வாசனைதான் செய்தி. வாசனை மெல்ல ஆவியாகி மறையும்போது பூவில் மீண்டும் தேன் ஊறியிருக்கும். சில நிமிடங்களிலேயே தேன் ஊறும் போரேஜ் பூவுக்கு அவை சீக்கிரமே திரும்புகின்றன. காம்ஃப்ரே பூவுக்குச் சுமார் 40 நிமிடம் பொறுக்கின்றன. நாற்பது நிமிடத் தேனோடு வாழும் உயிருக்கு வெறும் பூவில் வீணாகும் ஒவ்வொரு நொடியும் கணக்கில் வரும்.

தக்காளிச்செடி வைத்திருப்பவர்கள் காதையும் தீட்டிக்கொள்ளலாம். தக்காளி, கத்தரிப் பூக்களின் மகரந்தப் பை நுனியில் சிறு துளையோடு மூடியிருக்கும். உலுக்கினால்தான் மகரந்தம் கொட்டும். பம்பிள் தேனீ பூவைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, சிறகை மடித்தபடியே அதே மார்புத் தசைகளை அதிரவிடுகிறது. பறக்கும் ரீங்காரத்தைவிடச் சுருதி கூடிய, குட்டையான ஓர் ஒலி கேட்கும். அதிர்வு மகரந்தச் சேர்க்கை என்பது இதுதான். பெட்டித் தேனீக்கு இது வராது. நம் ஊர்க் கத்தரித் தோட்டங்களில் தச்சுத் தேனீ போன்றவை இதைச் செய்கின்றன. ஐரோப்பாவின் கண்ணாடிக் குடில்களில் முன்பு ஆட்கள் அதிர்வுக் கருவியோடு பூப்பூவாகப் போவார்கள். 1987இல் பெல்ஜியத்தில் ரோலண்ட் டி யோங் என்ற கால்நடை மருத்துவர் பம்பிள் தேனீக் கூடுகளைக் குடிலுக்குள் வைக்கும் முறையை வணிகமாக்கினார். அது பெரிய தொழிலானது. 1998இல் சிலி நாட்டுக்கும் கூடுகள் போயின. வெளியே தப்பிய ஐரோப்பியத் தேனீக்கள் தென்னமெரிக்காவின் தென்பகுதியில் பரவ, அங்கே உலகின் மிகப் பெரிய பம்பிள் தேனீக்களில் ஒன்றான செம்மஞ்சள் நிற 'டால்போமி' பல பகுதிகளிலிருந்து மறைந்துவிட்டது. உதவி செய்யும் ஆசையில் காசு கொடுத்துக் கூடு வாங்கித் தோட்டத்தில் வைக்க நினைப்பவர்களுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். கடைகளில் விற்கும் வெற்றுக் கூட்டுப் பெட்டிகளாலும் பெரிய பயனில்லை. ஆய்வுகளில் மிகச் சிலவற்றில்தான் ராணிகள் குடியேறின. வேலியோரத்தில் ஒரு முழம் புல்லை வெட்டாமல் விடுவது அதைவிடப் பலன் தரும்.

பூச்சிக்கொல்லியைப் பற்றி ஒரு முடிவை மட்டும் சொல்கிறேன். 2012இல் ஸ்டெர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில கூடுகளுக்கு, வயலில் தேனீ சந்திக்கக்கூடிய அளவே ஆன இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிக்கொல்லி கலந்த உணவு தந்துவிட்டு, பிறகு வெளியே சுதந்திரமாக மேயவிட்டார்கள். தேனீக்கள் கொத்தாகச் செத்து விழவில்லை. ஆனால் பருவ முடிவில் அந்தக் கூடுகள் தந்த புதிய ராணிகள், மருந்து படாத கூடுகளைவிட 85 சதவீதம் குறைவு. புதிய ராணிதான் அடுத்த ஆண்டு என்பதை நினைவில் கொண்டால் இந்த எண்ணின் கனம் புரியும். 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகை மருந்துகளில் மூன்றைத் திறந்த வெளியில் தடை செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு சசெக்ஸ் ஆய்வாளர்கள், தேனீக்கு உகந்தவை என்று விற்கப்பட்ட தோட்டச்செடிகளைச் சோதித்தபோது பத்தில் ஏழில் இதே வகை மருந்துகள் இருந்தன. பக்கத்து வீட்டில் விதை வாங்கி முளைக்கவைப்பது கடைச்செடியைவிடப் பாதுகாப்பானது.

பார்ப்பதைக் குறித்து வைப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. 2006இல் தொடங்கிய பம்பிள்பீ பாதுகாப்பு அறக்கட்டளையின் தன்னார்வலர்கள் மார்ச் முதல் அக்டோபர் வரை மாதம் ஒருமுறை ஒரே பாதையில் நடந்து, கண்ணில் படும் ஒவ்வொரு தேனீயையும் இனம் பிரித்து எண்ணுகிறார்கள். வாலின் நிறம், மார்பில் எத்தனை மஞ்சள் பட்டை என்று பார்த்தாலே தோட்டத்துக்கு வரும் ஏழெட்டு இனங்களையும் ஒரு கோடையில் பழகிவிடலாம். மரப் பம்பிள் தேனீயின் வருகை இப்படித்தான் பதிவானது: செம்பழுப்பு மார்பு, கரிய வயிறு, வெள்ளை வால். 2001 ஜூலையில் தென் இங்கிலாந்தில் முதன்முதலாகக் காணப்பட்டது. சாதாரண மக்கள் அனுப்பிய பதிவுகள் ஆண்டுக்காண்டு வடக்கே நகர்ந்து, 2013இல் ஸ்காட்லாந்தைத் தொட்டன.

இந்த இனம் மண்ணுக்குள் குடியேறாமல் குருவிகளுக்காக மாட்டிய மரப்பெட்டிகளைப் பிடித்துக்கொள்கிறது. மே, ஜூனில் பெட்டியின் முன் பத்து இருபது தேனீக்கள் ஓயாமல் சுற்றுவதைப் பார்த்துப் பலர் பயந்துபோய்ப் பூச்சிக்கொல்லி ஆட்களைக் கூப்பிடுகிறார்கள். சுற்றுபவை ஆண்கள், இளம் ராணிகள் வெளிவரக் காத்திருக்கின்றன, கொட்ட முடியாதவை. பெட்டியை ஆட்டாமலும் தட்டாமலும் இருந்தால் உள்ளே இருக்கும் வேலைக்காரத் தேனீக்களும் யாரையும் தேடி வருவதில்லை. ஜூலைக்குள் பெரும்பாலும் கூடு தானே முடிந்துவிடும். இலையுதிர்காலத்தில் பெட்டியைக் கழற்றி, பழைய மெழுகையும் குப்பையையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி மாட்டிவிடலாம். அடுத்த வசந்தத்தில் அதில் குருவி வருமா தேனீ வருமா என்பதை அவையே தீர்மானித்துக்கொள்ளும்.